ஆளுக்குப் பாதி

"உன்னை யாரு கணக்குல எழுதிக்கட்டும்?"

பள்ளிக்கூட ஆபீசில் பீஸ் வாங்குகிற குமாஸ்தா அம்மா ஒருமுறை அவளை இப்படிக் கேட்டாள். கேட்டவள் கெட்டவள் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நோட்டில் ஒரு வரியை விரலால் தொட்டுக்கொண்டு, அப்பா என்றோ அம்மா என்றோ ஒரு சொல் வந்து விழுந்தால் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடலாம் என்று காத்திருந்தாள். வரிசையில் பின்னால் இருபது பேர். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள். "சரி, வீட்டுல கேட்டுட்டு வா" என்றாள் குமாஸ்தா அம்மா. எந்த வீட்டில் என்று சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயது. அம்மா வேலை செய்கிற சலவைக்கடையில், இஸ்திரி போடும் பெட்டிக்காரர் அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர் வைத்தார். நாளாக நாளாக 'வாயில்லா' தேய்ந்துபோய்ப் பூச்சி மட்டும் நின்றது. கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அப்பாவும் அம்மாவும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோர்ட்டில் கொடுத்த தாள் நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் பிள்ளை இருந்தது: ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாலாம் பக்கத்தில் செலவு இருந்தது: படிப்புக்கும் வைத்தியத்துக்கும் ஆளுக்குப் பாதி. அத்தனையும் எழுதியவர்கள், யார் முதலில் தர வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அம்மா சலவைக்கடையில் சீட்டுக்காரி. வருகிற துணி ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய சீட்டைக் கட்டி, நோட்டில் ஏற்றி, முழுக் காசையும் கையில் வாங்கிக்கொண்டுதான் மூட்டையை உள்ளே அனுப்புவாள். முன்பு அப்படி இல்லை. துணியைப் போட்டவர்கள் காசு தர மனமில்லாமல் துணியையே விட்டுவிட்டுப் போன காலம் ஒன்று உண்டு. அந்தத் துணிகள் பின்பக்க அறையில் இன்னமும் மூட்டை மூட்டையாக மக்குகின்றன. அதிலிருந்து கடையின் சட்டம் இதுதான்: காசு முன்னால, வேலை பின்னால.

அப்பாவுக்கு டயர்க்கடை. பஞ்சர் ஒட்டுவார், லாரி டயர் மாற்றுவார். ஒருமுறை ட்யூப் கொண்டு வருகிறேன் என்று ஒருவன் முன்பணம் வாங்கிக்கொண்டு போனான், போனவன் போனவன்தான். அன்றைக்கு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். பொருள் கைக்கு வந்தால் காசு. பொருள் கண்ணில் படாத வரை, பெற்ற தாயே வந்து கேட்டாலும் கிடையாது.

இரண்டும் தனித்தனியே நல்ல நியாயம்தான். நடுவில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டது.

பிரிந்த முதல் வருஷம் அம்மா முதலில் பீஸைக் கட்டினாள். பாதியை வாங்க ஏழு தடவை டயர்க்கடை வாசலில் போய் நின்றாள். இரண்டாம் வருஷம் அப்பா முதலில் தன் பாதியைக் கொடுத்தார். அம்மா அதை வாடகைக்குப் போட்டுவிட்டு, பீஸை இரண்டு மாசம் கழித்து அபராதத்தோடு கட்டினாள். இது மூன்றாம் வருஷம். பன்னிரண்டாயிரம். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கட்டாவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்குப் பதினோரு பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

நாலு வாரமாகப் பூச்சி தூது போனாள்.

"ரசீதைக் கொண்டா பாப்பா" என்பார் அப்பா. "ரசீதை இந்தக் கையில வை, ஆறாயிரத்தை அந்தக் கையில வாங்கிக்க." சட்டைப் பையிலிருந்து ரப்பர் பாண்டு போட்ட நோட்டுக் கட்டை எடுத்துக் காட்டுவார். "பாத்துக்க. எடுத்து வச்சாச்சு. உங்கம்மா மாதிரி வாயால பந்தல் போடற ஆளு இல்ல நான்."

"அவன் ஆறாயிரத்தைக் கொண்டா" என்பாள் அம்மா. தலையணை உறைக்குள் கையை விட்டு அவளும் ஒரு கட்டை எடுத்துக் காட்டுவாள். "அதுமேல என் ஆறாயிரத்தை வச்சு, அடுத்த நிமிஷம் நானே போய்க் கட்டறேன். நான் முன்னாடி கட்டிட்டு அவன் வாசல்ல நிக்கணுமா? நின்ன வரைக்கும் போதும். கால்ல இன்னும் அந்த வலி இருக்கு."

ஆக, பணம் இருந்தது. இரண்டு வீட்டிலும் பாதி பாதியாக, எண்ணி எடுத்து வைத்தபடி இருந்தது. இல்லாத பணத்துக்கு ஏங்கினால்கூட ஒரு ஆறுதல் உண்டு. இருக்கிற பணத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நடப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நடை எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். அம்மா வாங்கிக் கொடுத்த உடுப்புகளின் கழுத்துப்பட்டையில் சிவப்பு நூலால் ஒரு தையல் இருக்கும். அம்மாவே போட்ட குறி. சிவப்பு நூல் துணி அப்பா வீட்டில் தங்கக் கூடாது. அப்பா வீட்டுத் துணி அங்கிருந்து வெளியே வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பூச்சி உடை மாற்றுவாள். அப்பாவோடு இருக்கிற அத்தை, அவருடைய அக்கா, கழற்றிய துணியை வாங்கி, இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, பையில் போட்டு, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க அவள் கையிலேயே கொடுப்பாள்.

"சோப்புக் காசு மிச்சம் பிடிக்கறா போல உங்கம்மா" என்பாள் அத்தை. "சலவைக்கடையில வேலை, பிள்ளை சட்டையில அழுக்கு."

சாப்பிட உட்கார்ந்தால் முட்டையை எண்ணி வைப்பாள். "ஏன் ஒண்ணோட நிறுத்திட்ட? அங்க ரெண்டு குடுக்கறாளா?" என்பாள். இரண்டாவதை எடுத்தால், "அங்க பட்டினி போட்டு இங்க அனுப்பறா" என்பாள். பூச்சிக்கு முட்டையே பிடிக்காமல் போய்விட்டது.

அந்த மாசம் மழை விடவே இல்லை. மழை என்றால் சலவைக்கடைக்குச் சனியன். துவைத்தது காயாது, காயாததை இஸ்திரி போட்டால் நாறும், நாறினால் கஸ்டமர் சண்டைக்கு வருவார். மாடியில் கட்டிய கொடிகளை அவிழ்த்துக் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். ஈரப் போர்வைகளுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். பெட்டிக்காரர் மட்டும் நிமிர்ந்து நின்று, ஆவி பறக்க, பேண்ட்டுகளை அழுத்திக்கொண்டே இருப்பார்.

"பூச்சி, வெளியில எட்டிப் பாரு. சூரியன் இருக்கானா, இல்ல அவனும் டைவர்ஸ் வாங்கிட்டுப் போயிட்டானா?"

"அண்ணே" என்றாள் அம்மா, சீட்டு எழுதிக்கொண்டே. அவ்வளவுதான் சொன்னாள். பெட்டிக்காரர் பேண்ட்டுக்குத் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமைகளில் பூச்சிக்குப் பை பார்க்கிற வேலை. தண்ணீரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியின் பையையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். சில்லறை, மாத்திரை, பஸ் டிக்கெட், பொத்தான், சில சமயம் யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதம். எது கிடைத்தாலும் கவரில் போட்டு, துணியின் நம்பரை எழுதி, தகர டப்பாவில் வைக்க வேண்டும். துணி வாங்க வரும்போது கவரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். டப்பாவிலிருந்து முதலாளியே சில்லறை எடுத்தாலும், எவ்வளவு எடுத்தது, எப்போது வைப்பது என்று ஒரு சீட்டு எழுதி அந்த இடத்தில் போட்டுவிட்டுத்தான் எடுப்பார். சீட்டில்லாமல் அந்தக் கடையில் ஒரு பொத்தான்கூட நகராது. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. பதினேழு வருஷத்தில் ஒரு கைக்குட்டை மாறிப் போனதில்லை.

அந்தச் சனிக்கிழமை, 214 என்று சீட்டுக் கட்டிய ஒரு கறுப்புக் கோட்டின் உள்பையில் ஒரு கவர் இருந்தது. எண்ணிப் பார்த்தாள். இருபதாயிரம்.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கவரின் மேல் 214 என்று எழுதினாள். டப்பாவைத் திறந்தாள். திறந்தபோதுதான் அந்தக் கணக்கு தலைக்குள் தானாக ஓட ஆரம்பித்தது.

அப்பாவுக்கு ரசீது வேண்டும். ரசீது வந்தால் ஆறாயிரம் தருவார். அம்மாவுக்கு அப்பாவின் ஆறாயிரம் வேண்டும். அது வந்தால் தன் ஆறாயிரத்தைத் தருவாள். ஆக, பன்னிரண்டாயிரம் ஒரே ஒரு நாள் கையில் இருந்தால் போதும். காலையில் கட்டினால் மாலைக்குள் முழுசாகத் திரும்பி வந்துவிடும். யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. கோட்டு பெட்ரோல் வாஷுக்கு வந்தது. வெயில் படாமல் அதில் பெட்ரோல் வாடை போகாது. மழையைப் பார்த்து அம்மாவே வியாழக்கிழமை டெலிவரி என்று எழுதியிருந்தாள்.

கணக்கில் பிசகு இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். இல்லை.

பன்னிரண்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்தாள். எட்டைக் கவரில் விட்டாள். பிறகு, பழக்கம் யாரை விட்டது, ஒரு சீட்டை எடுத்துக் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: '214 கோட்டுப் பையிலிருந்து 12,000 எடுக்கப்பட்டது. வியாழனுக்குள் வைக்கப்படும்.' தேதி போட்டுக் கவருக்குள் வைத்தாள். எழுதாமல் எடுத்திருந்தால் திருட்டு. எழுதிவிட்டாள்.

ஞாயிறு மாலை அப்பா வீட்டுக்கு மாறினாள். திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் குமாஸ்தா அம்மாவின் மேசையில் பணத்தை வைத்தாள்.

"அப்பாடா. யாரு குடுத்தது?"

பூச்சி ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தாள். குமாஸ்தா அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாணவி பேரையே எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

மாலையில் டயர்க்கடைக்குப் போனாள். அப்பா ஒரு ட்யூபுக்குக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை டீ கொண்டு வந்திருந்தாள். பூச்சி ரசீதை நீட்டினாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"முழுசா பன்னண்டுமா?"

தலையாட்டினாள்.

"பாத்தியாக்கா" என்றார் அத்தையிடம். "இல்ல இல்லன்னு அழுதாளே, முழுப் பணமும் வச்சிருந்திருக்கா."

"நான்தான் சொன்னேனே. அழுதவ கண்ணைப் பாக்காத, முந்தானை முடிச்சைப் பாருன்னு" என்றாள் அத்தை.

"அப்பா" என்றாள் பூச்சி. "ரசீது கொண்டாந்தா பாதி தரேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இல்லாதவளுக்குத் தரேன்னு சொன்னேன். இருக்கறவளுக்கு எதுக்கு?" என்றார். ஆனால் அவருக்கே அது சரியாக ஒட்டவில்லை போல. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, சுவரோரம் சாய்த்திருந்த லாரி டயரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "நியாயமாவே பாத்துடலாம் வா. அநியாயம் பண்ணிட்டேன்னு நாளைக்கு நீ சொல்லக் கூடாது. என் பாதி ஆறாயிரம், சரியா? கண்ணாடி யாரு வாங்கினா? நான். ஆயிரத்தி எண்ணூறு. அதுல பாதி தந்தாளா? இல்ல. தொள்ளாயிரம் கழி. பல்லு பிடுங்கினது, அதுல முந்நூத்தம்பது. காய்ச்சலுக்கு ரத்தம் பாத்தது, எழுநூறு. ஷூ, அறுநூத்தம்பது. புத்தகப் பை, நானூத்தம்பது. சைக்கிள்."

"சைக்கிள் இங்கதான இருக்கு" என்றாள் பூச்சி. அந்த சைக்கிள் அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். அதில் அத்தைதான் கடைக்குப் போய் வந்தாள்.

"எங்க இருந்தா என்ன, யாருக்காக வாங்கினது? ஆறாயிரத்தி அறுநூறு. பாதி மூவாயிரத்தி முந்நூறு." கறுப்பு டயரில் வெள்ளை எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. கூட்டினார். கோடு போட்டார். எழுந்து தள்ளி நின்று பார்த்தார். "ஆறாயிரத்தி முந்நூத்தம்பது. உங்கம்மாதான் எனக்கு முந்நூத்தம்பது தரணும். போகட்டும், அதை நான் கேக்க மாட்டேன்னு சொல்லு."

"பெரிய மனசு உனக்கு" என்றாள் அத்தை.

பூச்சி அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணாடி, பல், ரத்தம், ஷூ. தலையிலிருந்து கால் வரைக்கும் அவளே அந்த டயரில் இருந்தாள். கூட்டலில் பிசகு இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. ரசீதைத் திருப்பி வாங்கிக்கொண்டு அப்படியே சலவைக்கடைக்கு நடந்தாள். அம்மா அவளைப் பார்த்ததும் பேனாவை வைத்தாள்.

"இது அவன் வாரமாச்சே. இங்க ஏன் வந்த? நாளைக்கு அதை வேற கோர்ட்டுல சொல்லுவான்."

ரசீதை நீட்டினாள். அம்மா படித்தாள். படித்ததும் அவள் முகத்தில் வந்ததைப் பூச்சி இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. அம்மா சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"கட்டிட்டானா? முழுசா? அண்ணே, இங்க வாங்க. கோர்ட்டுக்குப் போவேன்னு ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினேன். பன்னண்டையும் கீழ வச்சுட்டான் பாருங்க."

பெட்டிக்காரர் வந்து ரசீதைப் பார்த்தார். பிறகு பூச்சியைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா" என்றாள் பூச்சி. "உன் பாதி."

"என்ன என் பாதி?"

"தரேன்னு சொன்னியே."

"அவன் பாதியைக் குடுத்தா என் பாதியைத் தரேன்னு சொன்னேன்டி. முழுசும் அவனே கட்டிட்ட பிறகு பாதி ஏது? என்னை ஏழு தடவை நடக்க விட்டானே, அதுக்கு இது வட்டின்னு போய்ச் சொல்லு." உள்ளே திரும்பி, "எல்லாருக்கும் டீ சொல்லுங்க, பன்னும் சொல்லுங்க, நான் தரேன்" என்றாள்.

டீ வந்தது. பன் வந்தது. பூச்சியின் கையிலும் ஒன்றை வைத்தார்கள். அம்மா, அப்பா கட்டினதாக நினைத்துச் சாப்பிட்டாள். அங்கே அப்பா, அம்மா கட்டினதாக நினைத்து நிம்மதியாக இருந்தார். இரண்டு பேருக்கும் இப்படி ஒரு சந்தோஷமான நாள் பிரிந்ததிலிருந்து வந்ததில்லை. யார் கட்டினது என்று இரண்டு பேருமே அவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். 'அம்மா, அது வந்து' என்று ஒரு தடவை ஆரம்பித்தாள். அம்மா அப்போதுதான் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் வியாழன் வரைக்கும் இருக்கிறது என்று பூச்சி நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெயில் வந்துவிட்டது.

ஒரு மாசத்து மழைக்குச் சேர்த்து வைத்த மாதிரி பளீரென்று அடித்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். நாலு வாரமாக அவள் பேர் கடைசியில், 'பீஸ் கட்டாதவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழேதான் வரும். அன்றைக்குத்தான் வரிசையில், அதற்குரிய இடத்தில் வந்தது. எழுந்து, "உள்ளேன்" என்றாள். பக்கத்துப் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள், இவளுக்குக் குரல் உண்டா என்று.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் கேட்டுக்கு வெளியே பெட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கடையை விட்டு அவர் பகலில் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

"கோட்டு காஞ்சிடுச்சு பூச்சி" என்றார். "அந்த ஆளு இந்தப் பக்கமா வந்தவர், ரெடியான்னு கேட்டார். உங்கம்மா கவரையும் சேத்துக் குடுத்தா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உன் குண்டு எழுத்துல அந்தச் சீட்டை மட்டும் நீ எழுதாம இருந்திருந்தா, எவன்னே தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார்.

கடையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி, கையில் சீட்டோடு கோட்டுக்காரர், அம்மா. அப்பாவும் வந்திருந்தார், கையெல்லாம் கறுப்போடு. முதலாளிதான் ஆள் அனுப்பியிருந்தார். பூச்சி உள்ளே வந்ததும் அம்மா நேரே வந்து ஒரு அறை விட்டாள். கண்ணாடி எகிறி ஈரத் துணிக் குவியலில் விழுந்தது.

"பதினேழு வருஷம்" என்றாள் அம்மா. "பதினேழு வருஷம்டி."

"நாளை மதியத்துக்குள்ள பணம் வரணும்" என்றார் முதலாளி. "வராட்டி போலீசுக்குப் போறது இவர் இஷ்டம். உன்னை வேலைக்கு வச்சுக்கறது என் இஷ்டம்."

கோட்டுக்காரர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுத்ததுக்குக் கணக்கு எழுதி வச்சிருக்கா. படிப்புக்குத்தானே எடுத்திருக்கா. அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்கீங்க. ஆளுக்கு ஆறாயிரம் வைங்க, நான் கோட்டை எடுத்துக்கிட்டுப் போறேன். விஷயம் இந்த இடத்தோட முடிஞ்சுது."

யாரும் கையை அசைக்கவில்லை.

"அவர் வைக்கட்டும்" என்றாள் அம்மா. "இது அவர் வாரம். அவர் பொறுப்புல இருக்கும்போது கட்டினது."

"எடுத்தது சனிக்கிழமை" என்றார் அப்பா. "சனிக்கிழமை யாரு வாரம்? எடுத்தது உன் கடையில, உன் மூக்குக்குக் கீழ. வளத்த லட்சணம் அது."

"செலவழிச்சது திங்கக்கிழமை. திங்கக்கிழமை உங்க வீட்டுலேர்ந்துதான் பள்ளிக்கூடம் போனா. மடியில பன்னண்டாயிரம் வச்சுக்கிட்டுப் போற பொண்ணை உங்கக்கா கவனிக்கலையா? முட்டையை மட்டும் நல்லா எண்ணத் தெரியும்."

"அக்காவை இழுக்காத."

"பாதியை வைங்க, இழுக்கல."

"நீ முதல்ல வை."

"ஏன், நான் வச்சதும் எப்பவும் போல டயர்ல கணக்குப் போட்டுட்டு எழுந்து போறதுக்கா?"

"சரி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வைங்களேன்" என்றார் பெட்டிக்காரர்.

"நான் வச்ச பிறகு இவ வைக்கலன்னா?" என்றார் அப்பா. அவருடைய சட்டைப் பையில் ரப்பர் பாண்டு போட்ட கட்டு துருத்திக்கொண்டு தெரிந்தது. கோட்டுக்காரர் அதைப் பார்த்தார், பூச்சியும் பார்த்தாள். அம்மாவுடையது தலையணை உறையில் இருந்தது. போய் எடுத்து வரக் கால் மணி நேரம்.

பூச்சி துணிக் குவியலிலிருந்து கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு கால் வளைந்திருந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, இத்தனை பேர் நடுவில் முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"பள்ளிக்கூடத்துல திருப்பிக் கேக்கலாம்" என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொல்வார்கள் என்றுதான் அதைச் சொன்னாள். அப்பா சொல்லாவிட்டால் அம்மா. அம்மா சொல்லாவிட்டால் அப்பா. ஒருவர் சொன்னால் போதும். மற்றவர் வீம்புக்காகவாவது சேர்ந்துகொள்வார்.

"அதானே" என்றார் அப்பா.

"அதானே" என்றாள் அம்மாவும்.

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. வந்த வேகத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கழுத்தில் கட்டிய கல்லை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. கோட்டுக்காரர் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பெட்டிக்காரர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெட்டி துணியில் சீறுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் பள்ளிக்கூட ஆபீசில் இருந்தார்கள். பூச்சி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சீருடை போட்டு வந்திருந்தாள். போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

குமாஸ்தா அம்மா விவரத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"எல்லாரும் கட்ட முடியலன்னு வருவாங்க. கட்டினதைத் திருப்பிக் கேட்டு வந்தவங்க நீங்கதான்." ஒரு படிவத்தை எடுத்தாள். "சேக்கறதுக்கு ஒருத்தர் கையெழுத்து போதும். எடுக்கறதுக்கு ரெண்டு பேரும் போடணும். பேரை எடுத்துட்டா இந்த வருஷம் திரும்பச் சேக்க முடியாது. வெளியில காத்திருக்கற பிள்ளைக்கு இன்னிக்கே இடம் போயிடும். யோசிச்சீங்களா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"ஒரு வருஷம் வீட்டு வேலை கத்துக்கட்டும்" என்றார் அப்பா.

"எந்த வீட்டு வேலை?" என்றாள் அம்மா சட்டென்று. "அதெல்லாம் வாரக் கணக்குதான். உங்கக்காவுக்குச் சம்பளமில்லாத ஆளுன்னு நினைச்சுக்காதீங்க."

"முதல்ல கையெழுத்தைப் போடு."

அம்மா போட்டாள். பேனாவை மேசையில் வைத்தாள், அவர் கையில் கொடுக்கவில்லை. அப்பா அதை எடுத்துப் போட்டார். குமாஸ்தா அம்மா பணத்தை எண்ணி மேசையில் வைத்தாள்.

"பத்தாயிரத்தி எண்ணூறு."

"பன்னண்டுல்ல?" என்றார் அப்பா.

"எடுத்தா பத்து சதவீதம் பிடிப்போம். ரசீதுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கு."

அப்பா ரசீதைத் திருப்பிப் படித்தார். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். இருவர் தலையும் அந்தச் சின்னத் தாளின் மேல் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

"ஆயிரத்தி இருநூறு குறையுது" என்றாள் அம்மா.

"அறுநூறு அறுநூறு" என்றார் அப்பா.

இதற்குச் சண்டை வரும் என்று பெஞ்சிலிருந்து பூச்சி காத்திருந்தாள். சனிக்கிழமை வரும், திங்கட்கிழமை வரும், முதலில் நீ வை வரும் என்று காத்திருந்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்து கட்டை எடுத்து ரப்பர் பாண்டைக் கழற்றினார். அம்மா கைப்பையைத் திறந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன, ஒரே நேரத்தில் வைத்தன, ஒரே நேரத்தில் விலகின. அறுநூறும் அறுநூறும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"முழுசாச்சு" என்றார் அப்பா.

"சேத்து எண்ணிடுங்க" என்றாள் அம்மா, குமாஸ்தா அம்மாவிடம். "பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது."

குமாஸ்தா அம்மா எண்ண ஆரம்பித்தாள். இரண்டு பேரும் உதடு அசைய அவளோடு சேர்ந்து எண்ணினார்கள். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பேராக வந்தது, ஒவ்வொரு குரலாகப் பதில் போனது. பூச்சி எழுந்தாள். புத்தகப் பையை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். வளைந்த கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். குனிந்து ஷூவைக் கழற்றி, இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் ஜோடியாகத் தள்ளினாள்.

"ஒன்பதாயிரம்" என்றாள் குமாஸ்தா அம்மா.

வெறுங்காலோடு நடந்தால் சத்தம் வராது. கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, வெயில் கொதிக்கிற முற்றத்தில் இறங்கிக் கேட்டை நோக்கிப் போனாள்.